அடிமதகுத் தண்ணி

நவம்பர் 4

தம்பிக்கு,

'அன்புள்ள'ன்னு எழுதக் கை வரல, அதனால எழுதல. உன் நம்பரை போன்ல பிளாக் பண்ணி வெச்சிருக்கேன். உன் குரலைக் கேட்டா வாய்க்கு வந்தபடி திட்டிடுவேன், திட்டினது காத்தோட போயிடும். இது காகிதம், அப்படிப் போகாது. பால் வண்டிக்காரர் அணைப் பக்கம் போறார், அவர்கிட்ட கொடுத்து அனுப்பறேன்.

வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் மீன் கூண்டுகளைப் பார்க்கப் போனேன். ஆறு முழுக்க வெள்ளையா இருந்துச்சு. முதல்ல நுரைன்னு நினைச்சேன். கிட்டப் போனா எல்லாம் வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்குது. எங்க கூண்டு, பக்கத்துக் கூண்டு, எதிர்க்கரைக் கூண்டு, ஒண்ணு பாக்கி இல்ல. அழுகின முட்டை மாதிரி ஒரு நாத்தம். தண்ணி கறுப்பா இருக்கு.

எதிர்க்கரைக் கண்ணாடிக்காரரை உனக்குத் தெரியும். மனுஷன் நெஞ்சளவு தண்ணியில நின்னுக்கிட்டு ஒவ்வொரு மீனா எடுத்து செவுளைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்க்கறார், ஒண்ணாவது மூச்சு விடுதான்னு. கண்ணாடி எங்கயோ தண்ணியில விழுந்துடுச்சு. கையால தடவித்தான் பார்க்கறார். அவர் பொண்டாட்டி கரையில நின்னு 'மேல வாங்க, மேல வாங்க'ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. அவர் வரல.

அணையில அடிமதகைத் திறந்திருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. உன் தம்பிதானே அங்க மதகு பார்க்கறான்னு கேட்டாங்க. ஆமாம்னு தலையாட்டினேன்.

நாளைக்கு உங்க ஆபீஸ் வாசல்ல உட்காரப் போறோம். மீன் வளர்க்கறவங்க சங்கத்துக்குச் செயலாளர் நான்தான், மைக் என் கையிலதான் இருக்கும். மதகைத் திறந்தவனுக்கு விலங்கு மாட்டச் சொல்லுவேன். என் தம்பிங்கறதுக்காக வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டேன். நீ வீட்டுப் பக்கம் வந்துடாதே. உங்க மாமா கையில கிடைச்சா என்ன ஆகும்னு எனக்கே தெரியல.

அக்கா


நவம்பர் 7

அக்கா,

உன் கடுதாசிக்கு முன்னாடியே உன் வீடியோ வந்துடுச்சு. இங்க கேன்டீன்ல எல்லாரும் தலையோட தலை முட்டிக்கிட்டுப் பார்த்தாங்க. 'விலங்கு மாட்டு'ன்னு நீ சொன்னப்ப பக்கத்துல உட்கார்ந்திருந்தவன் என் மணிக்கட்டைப் பார்த்தான், அளவு எடுக்கற மாதிரி.

நல்லாப் பேசின. ஒரு விஷயம் மட்டும் விட்டுப் போச்சு. வியாழக்கிழமை சாயங்காலம் எனக்குப் போன் பண்ணி அழுதது யாரு? 'தண்ணி கொதிக்குதுடா, ஆத்துல ஓட்டமே இல்ல, மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது, கொஞ்ச நேரம் அடிமதகைத் திறந்து விடு, அந்தத் தண்ணி சில்லுன்னு இருக்கும்'னு சொன்னது யாரு? மேல இருந்து உத்தரவு இல்லாம மதகைத் தொடக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன். 'அப்பாவா இருந்தா இந்நேரம் திறந்திருப்பார்'னு ஒரு வார்த்தை விட்ட. அதுக்கு மேல என்னால சும்மா உட்கார முடியல.

ஏன் மேல் தண்ணியை விடலன்னு ஊரே கேட்குது. மேல்மதகு மட்டத்துக்கு அணை ஏரியில தண்ணி இல்ல. நடுமதகு துருப்பிடிச்சு இறுகிப் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு, எழுதிக் கொடுத்துக் கொடுத்து எனக்குக் கை ஓய்ஞ்சு போச்சு. மிச்சம் இருக்கிறது அடிமதகு ஒண்ணுதான்.

நாம ரெண்டு பேரும் இந்தக் குவார்ட்டர்ஸ்ல பொறந்தவங்க. வெயில் காலத்துல அப்பா அடிமதகைத் திறந்தா ஓடிப்போய் அந்தத் தண்ணியில முகம் கழுவுவோம், பல்லு கிட்டிக்கும். அந்தத் தண்ணிதான் உன் நினைப்புல இருந்துச்சு. என் நினைப்புலயும் அதேதான். வேற எவனாவது இந்த வேலையில இருந்திருந்தா உன் பேச்சைக் கேட்டுத் திறந்திருக்கவே மாட்டான்.

இப்போ சஸ்பெண்ட். உனக்குச் சந்தோஷம்னா இன்னொரு தடவை மைக்கைப் பிடி.

தம்பி


நவம்பர் 11

டேய்,

ஆமாம், நான்தான் கேட்டேன். கேட்டது தண்ணி. நீ அனுப்பினது விஷம். ஏரிக்கு அடியில என்ன இருக்குன்னு பார்க்கறது கூண்டுல மீன் வளர்க்கறவ வேலையா, அங்கயே குடியிருக்கறவன் வேலையா?

நான் ஏன் சொல்லலன்னுதானே உனக்குக் கோபம். சொல்றேன் கேளு. அன்னைக்குக் காலையில நாப்பது வீட்டுப் பொம்பளைங்க என் வாசல்ல வந்து உட்கார்ந்துட்டாங்க. ஒருத்தி என் தோள்ல சாஞ்சு 'எவன் அக்கா இந்தப் பாவத்தைப் பண்ணான்'னு கேட்கறா. நான் அவ முதுகைத் தடவிக்கிட்டு இருக்கேன். அந்த நேரத்துல வாய் எப்படிடா வரும்? மறுநாள் சொல்லலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள மைக்கைக் கொடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? உங்க மாமாவுக்கே தெரியாது. தினமும் உன்னைத் திட்டிக்கிட்டேதான் சாப்பிட உட்கார்றார். நான் பரிமாறிட்டு உள்ள போயிடறேன்.

அதெல்லாம் இருக்கட்டும். நீ மழுப்பாம ஒண்ணுக்கு பதில் சொல்லு. மதகைத் திறந்ததும் நாத்தம் அடிச்சிருக்குமே. கீழ ரெண்டு வளைவு தாண்டி இருக்கிற எங்களுக்கே குடலைப் பிடுங்குச்சு, மதகு மேல நின்ன உனக்கு மூக்கு எங்க போச்சு? ஏன் உடனே மூடல?

அக்கா


நவம்பர் 15

அக்கா,

நாத்தம் அடிச்சுது. முதல்ல வர்ற தண்ணி சேறும் சகதியுமாத்தான் வரும், போகப் போகத் தெளிஞ்சிடும்னு அப்பா சொல்லுவார். தெளியும் தெளியும்னு நின்னேன். தெளியல. அரை மணி நேரம் கழிச்சுத்தான் மூடினேன். அந்த அரை மணி நேரத்துக்கு நீ என்ன திட்டணுமோ திட்டு.

சும்மா உட்கார்ந்திருக்கேன்ல, கிடைச்சதை எல்லாம் படிக்கறேன். ஏரி ஒரே தண்ணி இல்லக்கா. வெயில்ல மேல் தண்ணி சூடாகி லேசாயிடும், கனமான குளிர்ந்த தண்ணி அடியில தங்கிடும். ரெண்டும் கலக்காது. இலை, செத்த பாசி, கண்டது எல்லாம் அடியில போய் அழுகி, அந்தத் தண்ணியில இருக்கிற காத்தை மொத்தமாத் தின்னுடும். முன்னெல்லாம் இந்நேரம் குளிர் காத்து அடிச்சு மேல் தண்ணி ஆறிக் கீழ இறங்கும், மேலும் கீழும் புரண்டு கலந்துடும். அப்பா காலத்துல வெயில் சீக்கிரம் வந்துட்டு சீக்கிரம் போச்சு, அடித் தண்ணி கெட்டுப் போக நேரமே இல்ல. இப்போ நவம்பர் பாதி போயாச்சு, நான் இன்னும் ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து எழுதறேன். சில்லுன்னு இருந்தா நல்ல தண்ணின்னு நாம ரெண்டு பேரும் நம்பினோம் பாரு.

இப்போ கேளு. நேத்து பெரிய இன்ஜினியர் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில உட்காரக் கூட இல்ல. அன்னைக்கு மதகே திறக்கல, கசிவு மட்டும்தான் இருந்துச்சு, மீன் செத்தது வெயிலாலயும் நோயாலயும்னு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணுமாம். போட்டா மறுபடியும் வேலை. நடுமதகை ஏன் இத்தனை வருஷம் சரி பண்ணலன்னு யாரும் அவரைக் கேட்க மாட்டாங்க. யார் திறக்கச் சொன்னதுன்னு என்னையும் கேட்க மாட்டாங்க.

நான் தப்பிச்சேன், அவர் தப்பிச்சார், நீயும் தப்பிச்ச. நான் போடலாம்னு இருக்கேன். என்ன சொல்ற?

தம்பி


நவம்பர் 18

போடு. போட்டுத் தொலை. இதுல என்னை எதுக்குக் கேட்கற?

அக்கா


நவம்பர் 27

தம்பி,

கையெழுத்துப் போட்டுட்டியா? போடலன்னா போடாதே.

போன கடுதாசியை எழுதினப்ப நான் நிம்மதியாத்தான் இருந்தேன். பொய் சொல்லல. அன்னைக்கு ராத்திரிதான் நல்லாத் தூங்கினேன். அந்த நிம்மதியை நினைச்சா இப்போ என் மேலேயே காறித் துப்பணும் போல இருக்கு.

நேத்து கூண்டுகளைத் தாண்டி ஆத்தோரமா ரொம்ப தூரம் நடந்தேன். எங்க கூண்டு மீன்தான் போச்சுன்னு இத்தனை நாளா அழுதுக்கிட்டு இருந்தோம். மத்தது எதையும் நாங்க திரும்பிக்கூடப் பார்க்கல. மட்டிச் சிப்பி எல்லாம் வாயைத் திறந்து காலியாக் கிடக்கு. நத்தை, நண்டு, கல்லுக்கு அடியில இருக்கிற புழு பூச்சி கூட இல்ல. கல்லைப் புரட்டினா கறுப்பா வழவழன்னு ஏதோ ஒட்டுது. மட்டிதான் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு வடிகட்டிக்கிட்டு இருந்துச்சு, இப்போ அதுவும் இல்லாம தண்ணி கலங்கினது கலங்கினபடியே நிக்குது. இந்நேரம் கொக்கு வந்து வரிசையா நிக்கும். தின்ன ஒண்ணுமே இல்லாத இடத்துக்கு அது எதுக்கு வரும்?

கீழ ஒரு சின்ன ஓடை வந்து ஆத்துல சேருதே, அந்த முனையில மட்டும் உயிர் இருக்கு. ஓடைத் தண்ணிதான் நல்ல தண்ணி. ஆத்துல தப்பிச்ச மீன் குஞ்சு மொத்தமும் அந்த ஓடை வாயில வந்து அடைச்சுக்கிட்டு நிக்குது. காலை வெச்சா காலைச் சுத்தி ஓடுது. இந்த ஆத்துக்கு மிச்சம் இருக்கிறது அவ்வளவுதான்டா.

இதைவிடக் கொடுமை ஒண்ணு நடந்துச்சு. உங்க ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து மதகே திறக்கல, இது நோய்தான்னு அடிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்கான், ஊரும் நம்பிடுச்சு. கூண்டு வலையைக் கழுவ மருந்து கொடுத்திருக்கான். கண்ணாடிக்காரர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு உட்கார்ந்து வலையை ஒவ்வொரு கண்ணா தேய்ச்சுக் கழுவறார். கை வெந்து போச்சு மனுஷனுக்கு. நான் பக்கத்துல போனேன். 'என்னம்மா, நம்ம சுத்தம் பத்தலையாம்'னு சொல்லிச் சிரிச்சார். எனக்கு அப்படியே செத்துடலாம்னு இருந்துச்சு. புதுக் குஞ்சு கொண்டு வந்து வீட்டுத் தொட்டியில விட்டு வெச்சிருக்கார். சீக்கிரம் கூண்டுல இறக்கப் போறாராம்.

டிசம்பர் பத்தாம் தேதி அடிமதகைத் திறந்து சேறு தள்ளுவீங்க, வருஷா வருஷம் நடக்கிறதுதான். ஏரி இன்னும் கலக்கலன்னு நீதானே எழுதின. இந்த வருஷமும் திறப்பீங்களா? திறந்தா அவர் குஞ்சும் போகும், அந்த ஓடை வாயில நிக்கிறதும் போகும். அதுக்கப்புறம் இந்த ஆத்துல விதைக்குக்கூட ஒண்ணு இருக்காது.

அக்கா


டிசம்பர் 1

அக்கா,

போட்டுட்டேன். நீ 'போட்டுத் தொலை'ன்னு எழுதின மறுநாளே போட்டுட்டேன். வேலையிலயும் சேர்ந்துட்டேன். பத்து நாள் கழிச்சு வந்து 'போடாதே'ன்னா நான் மையை நக்கி எடுக்கவா?

உன் கடுதாசியைப் படிச்சுட்டு எனக்கு வந்த கோபத்துல ரெண்டு நாள் பதில் எழுதல. அப்புறம் ஒரு பாட்டில்ல கல்லைக் கட்டிக் கயித்துல விட்டு ஏரியோட அடித் தண்ணியை எடுத்தேன். மூடியைத் திறந்ததும் அதே நாத்தம். பெரிய இன்ஜினியர் மேசையில கொண்டு போய் வெச்சேன். 'சார், குளிர் இன்னும் வரல, தண்ணி கலக்கல, பத்தாம் தேதி திறந்தா மறுபடியும் அதுதான் நடக்கும்'னேன். அவர் கைக்குட்டையை மூக்குல வெச்சுக்கிட்டு சொன்னார்: 'மறுபடியும்னா? போன தடவை நாம திறக்கவே இல்லையே. நீயே எழுதிக் கொடுத்திருக்க.'

திருதிருன்னு முழிச்சுக்கிட்டு வெளிய வந்தேன். தேதி தேதிதானாம். ஏரி எத்தனாம் தேதி கலக்கணும்னு ஏரிக்கு யாரும் சொல்லல போல.

நான் இப்போ வாயைத் திறந்தா பொய்யன். அன்னைக்குத் திறக்கலன்னு சொன்னவன் இன்னைக்குத் திறந்தேன்னா எவன் நம்புவான்? அன்னைக்கு நடந்தது முழுசா ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் கையைக் கட்டிக்கிட்டான். இன்னொருத்தி கையில மைக் இருக்கு. நீ கேட்ட, நான் திறந்தேன், மீன் செத்துச்சுன்னு நீ சொல்லு. உன் போன்லயே நீ கூப்பிட்ட நேரம் இருக்கும், காட்டு. விலங்கு மாட்டணும்னு கத்தத் தெரிஞ்சவளுக்கு இதைச் சொல்லத் தெரியாதா?

முடியலன்னா எனக்குக் கடுதாசி எழுதாதே. நத்தை செத்துச்சு, நண்டு செத்துச்சுன்னு எனக்கு எழுதி என்ன ஆகப் போகுது?

தம்பி


டிசம்பர் 6

தம்பி,

சொல்லிட்டேன்.

வலை பின்னற கொட்டகையில கூட்டம் போட்டேன். எப்பவும் போல செயலாளர் ஏதோ நல்ல செய்தி சொல்லப் போறான்னு வந்து உட்கார்ந்தாங்க. மைக் வேண்டாம்னுட்டேன். நான்தான் என் தம்பிகிட்ட அழுது கேட்டேன், அவன் திறந்தான், அந்தத் தண்ணியிலதான் மீன் செத்துச்சு, நோய் கீய் ஒண்ணும் இல்ல, நீங்க வலையைக் கழுவினதெல்லாம் வீண்னு சொன்னேன். நீ பொய்க் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். அதைப் போடச் சொன்னது நான்தான்னும் சொன்னேன்.

உங்க மாமா எழுந்து வெளிய போனார், போனவர் அவங்க அண்ணன் வீட்டுலயே தங்கிட்டார். என் தோள்ல சாஞ்சு அழுதாளே, அவ எழுந்து வந்து என் முகத்துக்கு நேரா நின்னு, 'என் முதுகைத் தடவின கை இதுதானே'ன்னு கேட்டா. ஆமாம்னேன். கண்ணாடிக்காரர் மட்டும் உட்கார்ந்தபடியே 'நீயாம்மா'ன்னார். அந்த ரெண்டாவது கேள்வியைத்தான் நான் காலமெல்லாம் தாங்கணும்.

என்னைச் செயலாளர் பதவியில இருந்து எடுத்துட்டாங்க, சரிதான். புதுசா வந்தவர் முதல் வேலையா பத்தாம் தேதி மதகைத் திறக்க விடக் கூடாது, மொத்தப் பேரும் அடிமதகு வாய்க்கால்ல இறங்கி உட்காரணும்னார். காஞ்சு கிடக்கிற வாய்க்கால். மதகு திறந்தா முதல்ல எங்க மேலதான் வரும். நானும் வரட்டுமான்னு கேட்டேன். உன் இஷ்டம்னுட்டாங்க.

உன்னையும் சேர்த்துத்தான் மாட்டி விட்டிருக்கேன். கோபப்படு. எனக்கும் உன் மேல இருக்கிற கோபம் இன்னும் போகல. அந்த அரை மணி நேரத்தை என்னால மறக்க முடியாது.

அக்கா


டிசம்பர் 11

அக்கா,

நேத்து நீ கீழ இருந்த, நான் மேல இருந்தேன். ஒரு தடவைகூட நீ நிமிர்ந்து பார்க்கல. எல்லாருக்கும் முன்னாடி தனியா உட்கார்ந்திருந்த. உன் பக்கத்துல யாரும் உட்காரல, ரெண்டு ஆள் இடம் காலியா இருந்துச்சு. நீ பார்க்காததை எழுதறேன்.

பெரிய இன்ஜினியர் சைரனை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். எழுந்திரிச்சு ஓடிடுவாங்கன்னு நினைச்சார். ஒருத்தரும் அசையல. மறுபடியும் அழுத்தச் சொன்னார், அழுத்தினேன். அப்புறம் 'ஒரு சாண் திற, தண்ணி பட்டா தானா எழுந்திருப்பாங்க'ன்னார். கைப்பிடியில கை வெச்சிருந்தேன்கா. ஒரு சாண் திறந்தா அந்த இறக்கத்துல தண்ணி எப்படிப் பாயும்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கையை எடுத்துட்டேன். 'திறக்க மாட்டேன் சார், அன்னைக்குத் திறந்தவன் நான்தான், எழுதிக் கொடுத்தது பொய்'னு பத்து பேர் முன்னாடி சொன்னேன். 'பைத்தியமா உனக்கு'ன்னார். அந்த நேரத்துலதான் கண்ணாடிக்காரர் படியேறி வந்தார், கையில வாளி. அவர் தொட்டிக் குஞ்சு. நான் எடுத்து வெச்சிருந்த அடித் தண்ணியை ஒரு பாத்திரத்துல ஊத்தச் சொன்னார். ஊத்தினேன். ஒரு கை குஞ்சை அள்ளி அதுல விட்டார். 'பாருங்க சார், என்ன நோய்னு சொல்லுங்க'ன்னார். இன்ஜினியர் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார். நாங்க பார்த்தோம். குஞ்செல்லாம் சுத்திச் சுத்தி வந்து மேல வாயை வெச்சுது, அப்புறம் ஒண்ணொண்ணா பக்கவாட்டுல சாஞ்சுது. கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டார். அவரே வளர்த்த குஞ்சு.

மதகு திறக்கல. உங்களை எல்லாம் போகச் சொன்னாங்களே, அப்போ சொன்ன காரணம் மழை வர்ற மாதிரி இருக்குன்னு. வானத்துல ஒரு துண்டு மேகம் இல்ல. உண்மை என்னன்னா அடுத்த புதன்கிழமைக்குத் தள்ளி வெச்சிருக்காங்க. வேற அணையில இருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வர்றாராம். அவன் சின்னப் பையன், கல்யாணம் ஆன புதுசு, சொன்னதைச் செய்வான். எனக்கு வேலை போயாச்சு, வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நேத்து சாயங்காலமே ஆள் வந்துட்டாங்க. உன் தம்பி பொண்டாட்டி பாத்திரத்தை எல்லாம் டமால் டமால்னு மூட்டை கட்டிக்கிட்டு இருக்கா, ஒவ்வொண்ணும் என் தலையில விழற மாதிரி இருக்கு. ஏரியில கையை விட்டுப் பார்த்தேன், மேல் தண்ணி இன்னும் வெதுவெதுன்னுதான் இருக்கு. புதன்கிழமைக்குள்ள அது கலக்கப் போறதில்ல.

உன் மேல கோபம் கொஞ்சமும் குறையல. அந்த போனை நீ பண்ணாம இருந்திருக்கலாம், அதை நான் எடுக்காம இருந்திருக்கலாம். இதைப் பேசித் தீர்க்க நமக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கு.

புதன்கிழமை வாய்க்கால்ல உன் பக்கத்துல இருக்கிற இடத்தை யாருக்கும் கொடுக்காதே. நான் வந்து உட்காருவேன். பேசறதுக்கு இல்ல.

தம்பி